அது உங்கள் ஆவி இல்லை என்று சொல்லிவிட்டேன்

என் பிரியமுள்ள, பொன்னுத்தாயின் தாத்தாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்கிற வரியை இந்த ஒரு கடிதத்தில் விட்டுவிடுகிறேன். உங்களைச் சுகமாக இருக்கவிடாதவர்கள் எல்லாரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். ஆகையால் நீங்கள் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள்.

முதலில் பேரப்பிள்ளைகள் சேதி. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிற செல்வராஜ் இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பில் தேறிவிட்டான். கொழும்பில் நம் மகனோடு இருக்கிற சின்னவன் இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறான். மகள் வீட்டுப் பையனுக்கு ஓட்டப்பந்தயத்தில் வெள்ளிக் கிண்ணம். என்னோடு இருக்கிற பொன்னுத்தாய் சயின்ஸில் வகுப்புக்கே முதல். அவள் டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பி, "இந்தப் பிள்ளை படிப்ப நிறுத்திராதீங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார்கள். நிறுத்துகிற முகமாகவா இருக்கிறது என் முகம்?

உங்கள் அண்ணாச்சி வீட்டுப் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் எழுத ஆசைதான். எழுத ஒன்றும் இல்லை. மூத்தவன் போன வருஷம் இருந்த வகுப்பிலேயே இந்த வருஷமும் இருக்கிறான். அந்த பெஞ்சுக்கு அவனைப் பிரிய மனசில்லை போலிருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு, பிள்ளைகளுக்கு எழுதுகிற பழக்கத்தில், "புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பவும்" என்று எழுதக் கை போனது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டு, முகம் கழுவி வந்து எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நம் ஆட்களின் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். முக்கியமாக ஒருவர் படிக்கட்டும் என்றுதான் கொடுக்கிறேன். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம். உங்கள் பேரை மேலே போட வேண்டும் என்கிறார் அவர். அதை அவரே போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் இருக்கும்போது சொல்லாத பேரை இப்போது மட்டும் நான் சொல்லிவிடுவேனா?

உங்களுக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். பக்கத்தில் அரிசி மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கியின் முதலாளி எழுந்து, "அன்னார் ஒரு விஞ்ஞான மேதை" என்றாராம். உங்களுக்குக் காத்தாடிக் கிறுக்கன் என்று பேர் வைத்து ஊர் முழுக்கப் பரப்பியவர் அவர்தான். அதே வாய். வெற்றிலையைக்கூடத் துப்பிவிட்டுப் பேசவில்லை என்று கூட்டத்துக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

மேதை என்றால் என்ன செய்த மேதை என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்கள். வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும் என்று நானே வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் கருப்பட்டியும் மளிகையும் விற்கிற கடை, பின்னால் வீடு, மேலே ஏறினால் கடல் தெரிகிற தட்டட்டி. அண்ணன் தம்பி இருவருக்கும் கூட்டு. யுத்தம் முடிந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். மண்ணெண்ணெய்க்கு மட்டும் அந்தச் சேதி எட்டவில்லை. போத்தலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, அரைப் போத்தலோடு திரும்பி, சிம்னி விளக்கின் திரியை இறக்கி இறக்கி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் சாப்பிட்டோம். உங்கள் அண்ணாச்சி முகம் தெரியாததை நான் குறையாகச் சொல்லவில்லை.

கரண்டுக் கம்பி பஞ்சு வியாபாரி வீட்டு முக்கோடு நின்றுவிட்டது. நீங்கள் கரண்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தீர்கள். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீங்கள் நிற்க, அங்கே நாற்காலியில் இருந்த ஒரு குமாஸ்தா, "ஒம்ம தெருவுக்குக் கம்பி வர நாளாகும் ஓய். அதுவரைக்கும் குத்துவெளக்க ஏத்திக் கும்பிட்டுக்கிட்டு இரும்" என்றான். அதை நீங்கள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னீர்கள்.

"சிரிக்கியளே, வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன்.

"அவன் கம்பி வராட்டாப் போகுது ஏளா. கச்சான் நம்ம தெருவுக்கு வருதுல்லா? அது எவன் ஆபீஸ்லயும் கேட்டுக்கிட்டு வரல."

ஆனியிலும் ஆடியிலும் மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்றை அதற்குமுன் நான் ஏசாத நாள் இல்லை. கொடியில் காயப்போட்ட சேலையில் மண், கூட்டி முடித்த முற்றத்தில் மண், சோற்றில் மண். அதைப் போய் வீட்டுக்கு விளக்கேற்றக் கூப்பிடுவார் ஒரு மனுஷன் என்று நான் கண்டேனா?

எல்லாம் அந்த லாரியால் வந்தது. கருப்பட்டி ஏற்றி வந்த லாரியின் மூடியைத் திறந்து டிரைவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தீர்கள். உள்ளே விசிறி சுற்றுகிறது, அதே வாரில் டைனமோ என்று ஒரு குண்டுச் சாமானும் சுற்றுகிறது, அது சுற்றுவதால்தான் லாரிக்கு விளக்கு எரிகிறது என்று அவன் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. "எஞ்சின் சுத்துனா என்ன, காத்து சுத்துனா என்ன? டைனமோவுக்குத் தெரியவா போகுது?" என்று இலையில் குழம்பை விரலால் வட்டம் வட்டமாக இழுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

ராணுவ லாரிகளை உடைத்து விற்ற இடத்தில் ஒரு டைனமோவும் ஒரு பேட்டரியும் வாங்கி வந்தீர்கள். இறக்கைக்கு மரம் எது என்ற யோசனை வந்தபோது உங்கள் அண்ணாச்சிக்குக் கருணை பிறந்துவிட்டது. "பனைய விட ஒசந்த மரம் ஒலகத்துல உண்டாலே? பனஞ்சட்டத்துல செய்யி" என்றார். நம் ஆட்களுக்கு உத்தரமும் பனை, கட்டில் காலும் பனை, கடைசியில் காற்றில் பறக்க வேண்டியதும் பனை. நீங்களும் கேட்டுக்கொண்டு இழைத்தீர்கள். கச்சான் வந்து தள்ளு தள்ளென்று தள்ளியும் அது அசையவில்லை. யோசனை சொன்னவரைப் போலவே இருந்தது; கனம் உண்டு, அசைவு கிடையாது.

பிறகு, கழித்துப் போட்டிருந்த பழைய கடைப்பலகை ஒன்றை எடுத்தீர்கள். கடை அடைக்கும்போது வரிசை தப்பாமல் இருக்க, பலகைக்குப் பலகை நம்பர் போட்டிருக்கும் அல்லவா? இது ஏழாம் பலகை. நல்ல தேக்கு. உளி வழுக்கி உங்கள் உள்ளங்கை கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தீர்கள். இழைத்து முடித்தும் ஓர் ஓரத்தில் அந்த வெள்ளை ஏழு அழியாமல் நின்றது. அதுவும் சேர்ந்துதான் சுற்றியது.

அதைத் தட்டட்டிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குத்தான் உங்கள் அண்ணாச்சி கடையை விட்டு எழுந்து வந்தார்.

"ஏலே, இது என்னதுலே?"

"காத்தாடி, அண்ணாச்சி."

"காத்தாடியா? கடை தலைக்கு மேல காத்தாடியா? கடை காத்தாடணும்னு நேந்துக்கிட்டியாலே?"

"இது வெளக்கு எரிக்கதுக்குல்லா அண்ணாச்சி..."

"வெளக்கு எரியும். கடை அணஞ்சிரும். எறக்குலே கீழ!"

ஆள் வராத கடையைக் காத்தாடுது என்று சொல்கிற வழக்கம் ஊருக்கெல்லாம் உண்டு. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து நடுங்குகிற ஆட்கள் நாம்தான். விளக்கு வைத்த பிறகு ஊசி கேட்டால் இல்லை என்று சொல்லவும் பயம், இருக்கிறது என்று சொல்லவும் பயம், சும்மா சிரித்து அனுப்புகிற கடை நம் கடை. அந்தக் கடையின் நெற்றியில் காத்தாடி சுற்றினால் விடுவாரா?

நீங்கள் சண்டை போடவில்லை. சண்டை போட உங்களுக்கு எப்போது தெரிந்தது? முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம் வைத்துக்கொள்கிறேன் என்றீர்கள். அதற்கும் ஒரு நிபந்தனை: வீட்டில் ஒருவரும் அதைக் காத்தாடி என்று சொல்லக்கூடாது, விசிறி என்றுதான் சொல்ல வேண்டும். கடையாட்கள் எல்லாரும் கூரைக்கு மேலே நிற்கிற பத்தடி மரத்தைக் காட்டி "விசிறி" என்றார்கள். அதையும் அந்த மனுஷர் காதில் வாங்கி, தலையை ஆட்டி, திருப்தியாகக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது? மேற்கே அரிசி கிட்டங்கியின் சுவர். காற்று வர வேண்டிய திசையில் மதில். சொல்லுக்குப் பயந்து காற்றைவிட்டு ஓடின கூட்டம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? சுவரில் முட்டித் திரும்பின காற்றில் உங்கள் காத்தாடி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று, பெண் பார்க்க வந்தவன் போல முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. கிட்டங்கி முதலாளி அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு அந்தப் பேரை வைத்தார்.

நீங்கள் கடற்கரைக்குப் போனீர்கள். உடைந்த தோணி ஒன்றின் பாய்மரத்தை விலை பேசி, மாட்டுவண்டியில் போட்டு, தெருவை அடைத்துக்கொண்டு வந்தீர்கள். அதை நிறுத்தி நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினபோது காத்தாடி கிட்டங்கிக் கூரைக்கு மேலே போய்விட்டது. அங்கே யாருடைய சுவரும் இல்லை. அன்றைக்கு அது சுற்றின சுற்றில் ஏழு என்ற எழுத்து தெரியவே இல்லை.

ஆனாலும் ஒரு கூத்து பாக்கி இருந்தது. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கட்-அவுட் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்று டிரைவர் சொல்லியிருக்கிறான். எதற்கு அது என்று நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஒரு மத்தியானம் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. முருங்கை இலைகூட ஆடவில்லை. காத்தாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏளா, ஓடியா! காத்தே இல்ல, அது பாட்டுக்குச் சுத்துது பாரு!"

அப்படி ஒரு சந்தோஷத்தை உங்கள் முகத்தில் நம் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டால் எரியவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தீர்கள். "காத்தாடி கரண்டு குடுக்கல ஏளா. கரண்டுதான் காத்தாடியச் சுத்தியிருக்கு. வெளக்குக்குச் சேத்து வச்சத அது விசிறி விளையாண்டே தீத்துட்டு!"

அப்புறம்தான் அந்தப் பெட்டி வந்தது; மேல் அறையில் பேட்டரிக்குப் பக்கத்தில் அதை மாட்டினீர்கள். காற்று இருந்தால் வழியைத் திறந்துவிடும், காற்று நின்றால் அடைத்துவிடும். அதற்குள்ளே நாக்கு போல ஒரு தகடு. உப்புக் காற்றில் அது என்றைக்காவது ஒட்டிக்கொள்ளும், அப்போது மறுபடி இதே கூத்து நடக்கும், உடனே பேட்டரி வயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்றீர்கள். இந்த முறை தப்பித்தது, இன்னொரு முறை பேட்டரியை அடியோடு வற்றவிட்டால் உள்ளே தகடெல்லாம் வெளுத்துப்போகும். பிறகு எத்தனை கச்சான் அடித்தாலும் அதில் கரண்டு ஏறாது என்றீர்கள்.

ஒரே ஒரு பல்பு. லாரியின் கண். நடுவீட்டில் அது எரிந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டு, "இது நெசக் கரண்டு இல்லியாம்லா" என்று சொல்லிக்கொண்டு போனது. உங்கள் அண்ணாச்சி தினமும் அதற்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, பேப்பரை விரித்து, "இதெல்லாம் நிக்கிற காரியமா?" என்று சொல்லிவிட்டுப் படித்தார். விளக்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு விளக்கை ஏச ஒரு தனி முகம் வேண்டும். கடவுள் அவருக்குக் கொடுத்திருக்கிறார்.

பங்குனியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். பத்திரிகை படிக்கிறவர்களுக்கு அது எதற்கு?

நீங்கள் போய் ஈரம் காயவில்லை, உங்கள் அண்ணாச்சி வந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "பதினாறு கழியட்டும், அந்தக் கம்ப எறக்கிருவோம். சித்திரை பொறக்கையில கடை மேல அது நிக்கப்படாது." அழுகிற வீட்டில் அழுதுகொண்டே இதையும் சொன்னார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே உங்கள் படம், மாலை, நல்லெண்ணெய் விளக்கு. என் மனசில் ஓடினதெல்லாம் ஒன்றுதான். அந்த மரத்தை அங்கேயே நிறுத்தி வைக்க என்ன வழி? சொத்தைப் பற்றிப் பேசினால் நாலு பேர் நியாயம் பேச வருவார்கள். ஒரு காத்தாடிக்கு யார் வருவார்கள்?

பதினாறாம் நாள் சாப்பாடு பின்முற்றத்தில் நடந்தது. அதற்கு முந்தின நாள் வரைக்கும் நல்ல வாடைக்காற்று அடித்திருந்தது. துக்க வீட்டில் ஒருவரும் அந்தப் பல்பைப் போடவில்லை. பேட்டரி நிறைந்து கிடந்தது. அன்றைக்கு மத்தியானம் பார்த்துக் காற்று செத்துவிட்டது. இலை போட்டு, ரசம் ஊற்றுகிற நேரம். முதலில் பார்த்தது உங்கள் அண்ணாச்சி பெஞ்சாதி.

"யம்மா... இங்கன பாருங்க! ஒரு எல அசையல. அது சுத்துது!"

பந்தி முழுக்க அண்ணாந்து பார்த்தது. காத்தாடி மெதுவாக, நின்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கிட்டங்கி முதலாளி ரசத்தில் கைவைத்தபடியே, "வந்துட்டாரு... சின்ன அண்ணாச்சி வந்துட்டாரு" என்று நடுங்கினார். எழுந்து நின்று கும்பிட்டார்கள். சோற்றுக் கையோடு கும்பிட்டார்கள். இரண்டு பெண்கள் குலவை போடலாமா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

உங்கள் அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கி, கண்ணீர் தாடையில் ஓட, "தம்பி... ஒன்ன அறியாமப் பேசிட்டேன்லே. அந்த மரத்தத் தொட மாட்டேன்லே. நீ அங்கனயே இரிலே" என்று கதறினார்.

நான் ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் மறைப்பானேன்? அந்த நொடியில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. என் காரியம் முடிந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தால் போதும், உங்கள் மரம் நான் கண்ணை மூடுகிறவரைக்கும் அங்கேயே நிற்கும்.

அவர்கள் அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ.

"மேல அந்த ரூமப் பூட்டிப் போடுங்க" என்றார் கிட்டங்கி முதலாளி.

"வெள்ளிக்கு வெள்ளி ஒரு தேங்கா ஒடைச்சிருவோம். மஞ்சத்துணி ஒண்ணு சுத்திருவோம்" என்றார் உங்கள் அண்ணாச்சி.

"அந்த வெளக்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"இனிமே எவனும் அதப் போடப்படாது. அது தம்பி இருக்க எடம்."

விளக்குக்காகச் செய்த சாமானில் விளக்குப் போடக்கூடாதாம்! அவர்கள் தேங்காய்க் கணக்குப் பேசிக்கொண்டிருக்க, மேலே காத்தாடி தளர்ந்துகொண்டே வந்தது. அது தளரத் தளர இவர்களுக்குப் பக்தி ஏறிற்று. எனக்கு மட்டும் தெரிந்தது, பேட்டரி வற்றிக்கொண்டிருக்கிறது என்று. இன்னும் கொஞ்சம் போனால் அது எதற்கும் உதவாது. இவர்களுக்கு ஒரு சாமி கிடைக்கும், உங்கள் விளக்கு போய்விடும்.

பதினாறன்றைக்குப் பந்தியில் தலைகாட்டக்கூடாதவள் நான். எழுந்தேன். இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்து, படியேறி, மேல் அறையில் பேட்டரி வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். பொறி பறந்தது. வெளியே வந்து பார்த்தால் காத்தாடி நின்றிருந்தது. கீழே அத்தனை முகமும் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அவுக வரல" என்றேன். "பேட்டரி சுத்திச்சு. கட்-அவுட்டு ஒட்டிக்கிச்சு. அம்புட்டுத்தான்."

கிட்டங்கி முதலாளி பக்கத்து இலைக்காரரிடம், "என்ன அவுட்டுங்கா?" என்று கேட்டார்.

"ரசம் ஆறுது. எல்லாரும் உக்காந்து சாப்புடுங்க" என்றேன்.

உங்கள் அண்ணாச்சி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணீரைத் துடைக்கக்கூட நேரம் கொடுக்காமல் கோபம் வந்துவிட்டது. ஊர்ப் பந்தியில், எல்லாருக்கும் முன்னால், ஒரு தகரப் பெட்டியைப் பார்த்து அழுததாக ஆகிவிட்டதே!

"அப்போ அது வெறும் கம்புதானே?" என்றார்.

"கம்புதான், பெரியத்தான்."

"அப்போ நாளைக்கே எறக்கிருதேன்."

"எறக்குங்க. ஒடைக்காம எறக்குங்க. அதோட நானும் எறங்குதேன்."

ஏன் சொன்னாய், சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்களா? நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஊர் கேட்கிறது. நம் மகன் கொழும்பில் இருந்து எழுதிக் கேட்கிறான். "பெரியப்பா மனம் நோகும்படி நடக்க வேண்டாம், எப்படியோ அந்த மரம் நின்றிருக்குமே அம்மா" என்கிறான். தலைக்கு மேலே கரண்டு விசிறி ஓட, அதன் கீழே உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அவனுக்கு என்ன பதில் எழுத?

உயிரோடு இருந்தபோது உங்கள் பேச்சை ஒருவன்கூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஒட்டிப்போன ஒரு தகட்டைக் கண்டதும் சோற்றுக் கையோடு எழுந்து கும்பிடுகிறார்கள். நீங்கள் கை கிழிந்து செய்ததை ஆவி செய்தது என்று நாலு பேருக்குச் சொல்லி, அதைத்தான் நாளைக்கும் சொல்லுவார்கள். உங்கள் வேலையைத் தூக்கி ஓர் ஆவிக்குத் தானம் கொடுக்க எனக்கு யார் உரிமை தந்தது? அந்த ஆவி உங்கள் ஆவியாகவே இருக்கட்டும். அதற்கு உளி பிடிக்கத் தெரியுமா?

சொன்னபடி மறுநாளே இறக்கினார்கள். நானும் இறங்கினேன். என் அப்பா எனக்குக் கொடுத்த நிலத்தில், அந்த விளையில், தெற்கே உப்பளத்துக்குப் போகிற வழியில், அந்த இரண்டு அறை வீட்டில் நானும் பொன்னுத்தாயும் இருக்கிறோம். உங்கள் நாற்பத்தொன்றை இங்கேதான் கும்பிட்டேன். சொந்தக்காரர்கள் வந்து, இந்த வயசில் தனிக்குடித்தனமா என்று மூக்கில் விரல் வைத்தார்கள். வைத்த விரலை எடுத்துக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பாய்மரம் வாசலில் நீளமாகக் கிடக்கிறது. வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். இறக்கைக்கு எண்ணெய் பூசித் துணி சுற்றி வைத்திருக்கிறேன். அந்தத் தகட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் துடைத்தேன். பேட்டரியை லாரிக்காரனிடம் கொடுத்துப் பார்த்ததில், தப்பித்தது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குப்பையில்தான் என்றான்.

கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ணாச்சி இப்போது மண்ணெண்ணெய் வரிசையில் போத்தலோடு நிற்கிறாராம். பேப்பர் படிக்க வெளிச்சம் போதவில்லையாம். முந்தாநாள் ஆளனுப்பி, "வெளக்கக் கொஞ்ச நாளைக்கு இங்கன வச்சிக்கிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டிருந்தார். அந்த ஆளுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் போன பிறகு சிரித்தேன் என்று எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். சிரித்தேன்.

வைகாசி முடியப் போகிறது. பனைமட்டை இப்போதே சலசலக்க ஆரம்பித்துவிட்டது. தோணிக்காரர்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வந்து மரத்தை நிறுத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் விளையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்ல எடம் ஆச்சி. மேக்க ஒரு மறைப்பும் கெடையாது. இங்கன மரம் நிறுத்துனா வீடே கடலுக்குப் போயிரும்" என்றார். போகட்டும் என்றேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கச்சானுக்குள் விளக்கு எரியும். அதற்கு நான் பொட்டு வைக்க மாட்டேன், துணி சுற்ற மாட்டேன், சூடம் காட்ட மாட்டேன். அதற்குக் கீழே முறத்தைப் போட்டு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவேன். உங்கள் பேத்தி எதிரே உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். யாராவது வந்து கையெடுத்தால், பாதி அரிசியை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவேன், பொறுக்கட்டும்.

காற்று அடிக்கிற நாளில் அது சுற்றும். காற்று நின்ற நாளில் அது நிற்கும். அதற்கு நான் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
நம் பேரப்பிள்ளைகளுக்கு ஆச்சி,
பாக்கியத்தம்மாள்